எழுதாமல் விட்ட தாள்

பிணவறைக்கு எதிரே வாதாமர நிழலில் வண்டியை நிறுத்தியதும் ஆரோக்கியராஜ் இடது காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொள்கிறார். வலது காது சும்மா இருக்க வேண்டும். உள்ளே வேலை முடிந்து எந்த நேரமும் ஆள் கூப்பிடலாம். கைப்பேசியை ஸ்டியரிங்கின் மேல் சாய்த்து வைத்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தை ஓடவிடுகிறார். வடக்கே ஏதோ ஒரு கல்லூரியின் பேராசிரியை நினைவாற்றலைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு வாக்கியம் பிடிபடாவிட்டால் விரலால் பின்னுக்குத் தள்ளுகிறார். அப்போதும் பிடிபடாவிட்டால் மறுபடியும். "அந்தம்மா கோச்சிக்கவே மாட்டாங்க. எத்தினி தடவ கேட்டாலும் அதே மொகந்தான்" என்கிறார்.

கடலூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் இலவச அமரர் ஊர்தியின் ஓட்டுநர் அவர். வயது நாற்பத்து மூன்று. நெற்றி ஏறிய தலை, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. முதுநகரில் வீடு. அப்பா அந்தோணிசாமி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஆரோக்கியராஜ் மீன் லாரியில் கிளீனராக ஏறினார், பிறகு ஓட்டுநரானார், பிறகு வாடகைக் கார். இந்த வண்டிக்கு வந்தது ஒரு மழைக்காலத்தில். வேறு ஆள் கிடைக்கும்வரை ஓட்டுவதாகச் சொல்லித்தான் சாவியை வாங்கினார். ஆள் கிடைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

வண்டியில் ஆள் இருக்கும்போது அவர் ஹாரன் அடிப்பதில்லை. 'பாடி' என்ற சொல் மருத்துவமனை வளாகத்தில் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. அவர் வாயில் வராது. "அவுங்கள பின்னால வச்சாச்சா?", "அவுங்க எந்த ஊரு?" என்றுதான் கேட்பார். வேகத்தடையைக் கண்டால் தூரத்திலேயே காலை எடுத்துவிட்டு, உதட்டுக்குள் "பாத்து, பாத்து" என்பார். யாரிடம் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். யோசித்துவிட்டு, தெரியவில்லை என்றார். இருக்கைக்கு அடியில் ஒரு குடம் தண்ணீரும் இரண்டு எவர்சில்வர் டம்ளரும் எப்போதும் இருக்கும். பாட்டில் தண்ணீரை நீட்டினால் அழுகிறவர்கள் வேண்டாம் என்று தலையாட்டிவிடுவார்களாம். டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டால் குடித்துவிடுவார்களாம். "அழுது அழுது தொண்ட காஞ்சிடும். அத யாரும் பாக்க மாட்டாங்க."

வீட்டுக்குப் போனால் பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். இது மனைவி ஜான்சி போட்ட விதி. ஜான்சி ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியை. கல்யாணமான புதிதில் இந்தத் தொழில் இல்லை. இருந்திருந்தால் கட்டியிருக்கமாட்டேன் என்று சிரிக்காமல் சொல்வார். ஆனால் கணவர் குளித்துவிட்டு வருவதற்குள் மாற்றுத்துணியும் சூடான காபியும் பின்வாசற்படியில் தயாராக இருக்கும்.

சக ஓட்டுநர் தங்கராசு அவரை 'டாக்டரே' என்று கூப்பிடுகிறார். கேலிதான். ஆரோக்கியராஜ் அதற்குத் திரும்பிப் பார்ப்பதில்லை, கோபித்துக்கொள்வதும் இல்லை. அவர் படிப்பது உளவியலில் இளங்கலைப் பட்டம். ஏன் படிக்கிறார் என்பதை எனக்குச் சொல்லப் பல மாதங்கள் எடுத்துக்கொண்டார்.

அது ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது.

ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் ராசம்மாள். கணவர் இல்லை. ஒரே மகள் கலைமணி, கடலூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். மாசி மகத்துக்கு வீட்டுக்கு வந்துவிடு என்று அம்மா கூப்பிட்டார். கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு, தோழியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கிளம்பினாள். வழியில் லாரி தட்டியது. தோழிக்குக் கால் முறிந்தது. கலைமணி மருத்துவமனைக்கு வருமுன்பே போய்விட்டாள். ஆரோக்கியராஜ்தான் அவளை ஊருக்குக் கொண்டுபோனார். வழி சொல்வதற்காக ராசம்மாளின் தங்கை, அக்காவின் கைப்பேசியிலிருந்தே ஓட்டுநரை இரண்டு முறை அழைத்திருந்தார். அப்படித்தான் அந்த எண் ராசம்மாளிடம் தங்கிப்போனது.

காரியம் முடிந்த சில நாட்களில் அழைப்பு வந்தது. யார் என்று சொன்ன பிறகு ராசம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, வண்டியில வரும்போது எம்பொண்ணு தல ஆடுச்சா?"

ஆடவில்லை என்றார் இவர். அது உண்மை. பக்கத்தில் துணியைச் சுருட்டி அண்டைகொடுத்துத்தான் கொண்டுபோயிருந்தார். சரி என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அடுத்த வாரம் மறுபடியும் அழைப்பு. உள்ளே ரொம்பச் சில்லென்று இருந்ததா? அவள் மேல் போர்த்தியிருந்தது யாருடைய துணி? வழியில் வண்டியை எங்காவது நிறுத்தினாயா? கேள்விகள் சிறியவை. பதில் கேட்டதும் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அழைப்பு நிற்கவில்லை.

ராசம்மாள் மட்டுமல்ல என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு தகப்பன் மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, "சும்மாதான் சார், நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். இறந்தவரோடு கடைசியாகப் பயணம் செய்த ஆள் என்று தன்னை அவர்கள் நினைப்பது ஆரோக்கியராஜுக்கு மெல்லப் புரிந்தது. புரிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. "லாரி ஓட்டும்போது தப்பு பண்ணா மீனு நாறிப்போவும். இங்க ஒரு வார்த்த தப்பா சொல்லிட்டா என்னா ஆவும்னே தெரியலயே."

மருத்துவமனையில் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டார். அந்த அம்மாவை மனநலப் பிரிவுக்கு வரச்சொல்லுங்கள் என்றார் அவர். நல்ல யோசனைதான். அடுத்தமுறை ராசம்மாள் அழைத்தபோது ஆரோக்கியராஜ் அதை அப்படியே சொன்னார். "எனக்குப் பைத்தியம்னு நெனச்சிட்டியா தம்பி" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதற்கப்புறம் வெகுநாள் அவரிடமிருந்து அழைப்பே இல்லை.

அந்த நாட்களில் வண்டி ஓட்டிக்கொண்டே அதையே நினைத்துக்கொண்டிருந்தாராம். சொன்னது சரியான விஷயம். சொன்னவிதம் தப்பு. எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று எங்கே போய்க் கற்றுக்கொள்வது? அதைச் சொல்லிக்கொடுக்கும் படிப்பு இருக்கிறது என்று ஜான்சிதான் சொன்னார். அவருடைய பள்ளிக்கு ஒருமுறை ஆலோசகர் ஒருவர் வந்து பேசியிருந்தார்.

படிப்பு இருந்தது. அதற்குள் நுழையும் வழிதான் இல்லை. கல்லூரிகளில் பகலில் போய் உட்கார வேண்டும். சாவு பகல் பார்த்து வருவதில்லை, இரவு பார்த்தும் வருவதில்லை. சென்னையில் ஆறு மாதச் சான்றிதழ் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் கேட்ட கட்டணத்தில் பழைய கார் ஒன்றே வாங்கிவிடலாம். சிதம்பரம் பக்கம் ஓர் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கீழவீதிக்கு அருகில் ஒரு இ-சேவை மையத்தின் முன்னால் நிறுத்தி, தயங்கித் தயங்கி உள்ளே போனார். வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்துதான் போனார். கடை வாசலில் அந்த வண்டி நிற்பது யாருக்கும் பிடிக்காது.

அங்கே இருந்தவர் அனுப்பிரியா. முப்பது வயதுக்குள் இருக்கும். தானும் அஞ்சல்வழியில் உளவியல் படித்தவர். படித்ததற்கு வேலை கிடைக்காமல் சாதிச் சான்றிதழும் பட்டா நகலும் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். இவர் கேட்டதைக் கேட்டதும் வரிசையில் நின்றவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார்.

திட்டம் அவர் போட்டுக்கொடுத்ததுதான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்துத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்துவிட வேண்டும். எல்லாத் தாள்களையும் அங்கேயே படித்தாக வேண்டும் என்பதில்லை. சில பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீடியோவைப் பார்த்துப் படித்து, அவ்வப்போது கேட்கும் பயிற்சிக் கேள்விகளுக்கு விடை அனுப்பிவிட்டு, தேர்வுக்கு மட்டும் பணம் கட்டி எழுதித் தேறினால், அதற்கான கிரெடிட் என்கிற பாடப்புள்ளிகள் அவர் பெயரில் சேரும். பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டால் அது பட்டக் கணக்கில் ஏறும். எந்தத் தாளை எந்தப் பருவத்தில் எழுதுவது, மழைக்காலத்தில் எத்தனை தாளோடு நிறுத்திக்கொள்வது என்பதுவரை அனுப்பிரியா சொல்லிக்கொடுத்தார்.

ஒரு விஷயத்தை அவர் அழுத்திச் சொன்னார். "அண்ணா, எந்தப் பேப்பர ஏத்துப்பாங்கன்னு மொதல்ல யுனிவர்சிட்டிகிட்ட கேட்டு எழுதி வாங்கிடுங்க. அப்புறமா படிங்க."

ஆரோக்கியராஜ் ஆர்வத்தில் அதைச் செய்யவில்லை. குழந்தை வளர்ச்சி பற்றிய ஒரு பாடத்தைக் கண்டதும் பிடித்துப்போய்ப் படித்தார், தேர்வெழுதினார், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினார். அது அவருடைய பட்டத்தின் பாடப்பட்டியலில் இல்லாத தாள். கணக்கில் ஏறவில்லை. யாரையும் குறைசொல்ல வழியில்லை. "படிச்சது எங்கியும் போயிடலிங்க. கணக்குல வரல, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்காமல் ஒரு தாளும் எழுதியதில்லை.

மொழி அவரைப் பாடாய்ப்படுத்தியது. வீடியோவின் அடியில் தமிழ் எழுத்து ஓடவைக்க ஒரு வசதி இருக்கிறது. இயந்திரம் செய்யும் மொழிபெயர்ப்பு. ஒரு பாடத்தில், 'தாழ்வு மண்டலம் உள்ள நோயாளிக்குப் பசி எடுக்காது, தூக்கம் வராது' என்று ஓடியது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டிப்ரெஷன்' என்ற ஒரே சொல். மனச்சோர்வைத்தான் இயந்திரம் வானிலை அறிக்கையாக்கிவிட்டது. கடலூர்க்காரரான ஆரோக்கியராஜ் அதைத் தப்பென்றே எடுத்துக்கொள்ளவில்லை. "தாழ்வு மண்டலம் வந்தா ஊரே அப்பிடித்தான கெடக்கும். பசியும் இருக்காது, தூக்கமும் இருக்காது. இத நமக்கு சொல்லிக்குடுக்கணுமா?" என்றார்.

இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. பிணவறை வாசலிலும், ரயில்வே கேட்டிலும், சாவு வீடுகளில் பாடை கட்டி முடிக்கும் வரையிலும் படித்தார். அதுவரை எழுதிய எல்லாத் தாளையும் எப்படியோ தாண்டிவிட்டார், புள்ளியியலைத் தவிர. உளவியலுக்குள் கணக்கு எதற்கு வருகிறது என்று அவருக்குக் கடைசிவரை சம்மதமில்லை. முதல்முறை எழுதித் தோற்றார். ஜான்சி விடுமுறை நாட்களில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். தன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதுபோல் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பிச் சராசரியையும் விலக்கத்தையும் விளக்கினார். மெல்ல மெல்லப் பிடிபட்டது. இந்தமுறை தேறிவிடுவேன் என்று தங்கராசுவிடம்கூடச் சொல்லியிருந்தார்.

இதற்கிடையில் ராசம்மாள் மறுபடியும் பேச ஆரம்பித்திருந்தார். ஒருநாள் எதுவும் நடக்காததுபோல் அழைத்து, கலைமணிக்குப் பிடித்த பலகாரத்தைப் பற்றிப் பேசினார். இவர் இப்போது பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தினால் இவரும் நிறுத்துவார். அவர் தொடர்ந்தால் கேட்பார். தான் படிக்கிற செய்தியையும் சொல்லியிருந்தார். "நல்லா படி தம்பி. எம்பொண்ணும் மேல படிக்கணும்னுதான் சொல்லிகிட்டு இருந்துச்சு" என்றாராம் ராசம்மாள்.

அந்தத் தேர்வு சிதம்பரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தில் நடந்தது. மே மாத வெயில். காலையில் ஒரு தாள், பிற்பகலில் புள்ளியியல். கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டு, பையை வெளியே வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். காலைத் தாள் சுலபமாக இருந்தது. வெளியே வந்து, வேப்பமரத்தடியில் ஜான்சி கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றைப் பிரித்துக்கொண்டே கைப்பேசியை உயிர்ப்பித்தார். அழைத்தவர்களின் விவரம் குறுஞ்செய்தியாக வரிசையாக வந்து விழுந்தது. எல்லாம் ராசம்மாள்.

அவர் ஒருமுறை அழைத்து, எடுக்காவிட்டால் விட்டுவிடுகிறவர். தம்பி வண்டியில இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். இப்படி விடாமல் கூப்பிட்டதே இல்லை. திரும்ப அழைத்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, போன வாரம் அவர் பேசியதை நினைவுக்குக் கொண்டுவந்தார். கறவை மாட்டைத் தங்கை வீட்டுக்கு ஓட்டிவிட்டேன் என்று சொல்லியிருந்தார். கலைமணியின் புடவைகளைத் தெருப்பெண்களுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிட்டேன் என்றும் சொல்லியிருந்தார். அன்றைக்கு அது ஆறுதலான பேச்சாகத்தான் இவருக்குப் பட்டது. மனசு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருந்தார். இப்போது அதே சொற்கள் வேறு மாதிரி கேட்டன. தன்னுடைய பொருள்களை ஒவ்வொன்றாகப் பிறருக்குக் கொடுத்துவிடுகிறவர்களைக் கவனிக்கச் சொல்லி ஒரு பாடத்தில் படித்திருந்தார். அந்தக் கேள்விக்குச் சரியான விடையைக் குறித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார்.

தங்கையின் எண் இவரிடம் இல்லை. தங்கராசு அன்றைக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம் வண்டியோடு போயிருந்தார். சொன்னால் கால் மணி நேரத்தில் போய்விடுவார். எண்ணை எடுத்தவர் அழுத்தவில்லை. "அந்த வண்டி மறுபடியும் அவுங்க வாசல்ல போயி நிக்கக் கூடாதுங்க" என்றார் என்னிடம். தேர்வுக்கூடத்துக் காவலாளியிடம், பிற்பகல் தாளுக்கு வெளியே போய்விட்டு வந்தால் விடுவீர்களா என்று கேட்டார். நேரத்துக்குள் வந்தால் விடுவோம் என்றார் அவர். ஸ்ரீமுஷ்ணம் போய் நேரத்துக்குள் திரும்ப முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

தேர்வுக்கு வந்திருந்த தன் பைக்கை எடுத்தார். வீராணத்தின் கரையோரமாகப் போகும்போது ஏரியின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்றார். வேகத்தடைகளில் வேகத்தைக் குறைத்ததாகவும் நினைவில்லை.

ராசம்மாளின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தாழ்போடவில்லை. உள்ளே விளக்கில்லை. புதுப் புடவை கட்டிக்கொண்டு தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. பரீட்சை முடிந்ததா என்று கேட்டார். இவர் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். ராசம்மாள் எழுந்துபோய்ச் சொம்பில் கொண்டுவந்தார். குடித்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும் என்பது பாடம். கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்று பயப்பட வேண்டாம் என்பதும் பாடம். யாரிடமும் அவர் அதுவரை கேட்டிராத கேள்வி அது.

"அக்கா, செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

ராசம்மாள் காலிச் சொம்பை எடுத்துச் சுவரோரம் வைத்தார்.

"ரெண்டு வருசமா எல்லாரும் சாப்பிட்டியா, தூங்குனியான்னு கேக்கறாங்க தம்பி. இத ஒருத்தரும் கேக்கல."

பிறகு அழுதார். இவர் அழவேண்டாம் என்று சொல்லவில்லை. விதி என்றோ, ஆண்டவன் சித்தம் என்றோ சொல்லவில்லை. நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவள் கடையில்தானே இருந்திருப்பாள் என்று ராசம்மாள் கேட்டபோது, அது உங்கள் தப்பில்லை என்ற வார்த்தை இவருடைய வாய்வரைக்கும் வந்தது. அதையும் விழுங்கிக்கொண்டு, "எப்பிடி கூப்ட்டீங்க, சொல்லுங்க" என்றார். ராசம்மாள் சொன்னார். திருவிழாவுக்கு மகளுக்கு என்ன வாங்கி வைத்திருந்தார் என்று சொன்னார், வருகிறேன் என்று சொல்லும்போது மகளின் குரல் எப்படி இருந்தது என்று சொன்னார். சிதம்பரத்தில் புள்ளியியல் தாள் தொடங்கியது, நடந்தது, முடிந்தது. ராசம்மாள் பேசிக்கொண்டே இருந்தார்.

பொழுது சாய்கையில், தங்கையைக் கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று இவர் கேட்டார். ராசம்மாள் தலையாட்டினார். தங்கை தைலம்மாள் ஓடிவந்தார். நடந்ததை மறைக்காமல் அவரிடம் சொல்லி, இன்றிரவு அக்காவைத் தனியாக விடாதீர்கள், நாளைக் காலையில் நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மனநலப் பிரிவுக்குப் போங்கள் என்று இந்தமுறை அவர் ராசம்மாளிடம் சொல்லவில்லை, போகலாமா என்று கேட்டார். கூட நானும் வந்து உட்கார்ந்திருப்பேன் என்றார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உள்ளே போனவர், புள்ளியியல் எழுதவில்லை என்று ஜான்சியிடம் சொன்னார். காரணத்தையும் சொன்னார். அந்தத் தாளுக்காக அவ்வளவு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தவர் ஜான்சி. எழுந்து சோற்றைப் போட்டார். ரசம் ஊற்றும்போது, "அந்தப் பேப்பர் எங்கியும் ஓடிடாது. அங்கியேதான் இருக்கும்" என்றார்.

மறுநாள் அக்காவும் தங்கையும் இவரும் பேருந்தில் கடலூர் வந்தார்கள். மனநலப் பிரிவின் வராந்தாவில் காத்திருந்தார்கள். சீட்டில் குறித்துக்கொள்வதற்காகச் செவிலியர், கூட வந்திருக்கும் ஆண் என்ன உறவு என்று கேட்டார். ராசம்மாள்தான் சொன்னார்.

"எம்பொண்ண வூட்டுக்குக் கொண்டாந்துவுட்டவரு."

செவிலியர் பேனாவைப் பிடித்தபடி அவர்களைப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டார்.

ராசம்மாள் இப்போதும் மாதாமாதம் வருகிறார். மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதங்கள் நன்றாகப் போகின்றன, சில மாதங்கள் இல்லை. மாட்டைத் தங்கை வீட்டிலிருந்து திரும்ப ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பால் கறக்க விடிவதற்குள் எழுந்தாக வேண்டியிருக்கிறது என்று ஆரோக்கியராஜிடம் குறைப்பட்டுக்கொண்டாராம். அதை என்னிடம் சொன்னபோதுதான் அவர் முகம் மலர்ந்து பார்த்தேன்.

விட்ட தாளை அடுத்த பருவத்தில் எழுதினார். நூலிழையில் தேறினார். பட்டத்துக்கு இன்னும் சில தாள்கள் பாக்கி. அது கைக்கு வந்தபிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் சிகிச்சை தர முடியாது, அதற்கு மேலே இன்னும் படிப்பு இருக்கிறது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அனுப்பிரியா முதல் நாளே சொல்லிவிட்டாராம். "வண்டிதான் ஓட்டப்போறேன். வேறென்னா? என்னா சொல்லக் கூடாதுன்னு இப்ப கொஞ்சம் தெரியுது. அது போதாதுங்களா?"

போன மாதம் எங்கள் தெருவில் குடியிருந்த காயத்ரி என்ற பள்ளி ஆசிரியை காலமானார். சில நாள் காய்ச்சல்தான். சொந்த ஊர் காட்டுமன்னார்கோயிலுக்கு அப்பால். ஆரோக்கியராஜின் வண்டி வந்தது. வழித்துணைக்கு நானும் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டேன். கணவர் இளவரசு பின்னால் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துவந்தார். வழிநெடுக அவர் ஒரு சொல் பேசவில்லை. சேத்தியாத்தோப்பு தாண்டியதும் ஒருமுறை வண்டி ஓரம்கட்டி நின்றது. ஆரோக்கியராஜ் இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்து, டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தார்.

ஊரில் பந்தல் போட்டுக் காத்திருந்தார்கள். உடலை உள்ளே எடுத்துப்போனதும் அழுகை எழுந்தது. இளவரசு உள்ளே போகவில்லை. வாசலைத் தாண்டி, களத்துமேட்டின் ஓரத்தில் வெயிலில் போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். ஆம்பள நீயே இப்படி உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு யார் என்றார்கள். அவர் அசையவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்கிற வழக்கமில்லை. வேலை முடிந்தால் ஓட்டுநர்கள் சத்தமில்லாமல் கிளம்பிவிடுவார்கள். ஆரோக்கியராஜும் வண்டியில் ஏறி, சாவியைத் திருப்பினார். கண்ணாடியில் எதையோ பார்த்தவர் எஞ்சினை அணைத்தார். இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றி வண்டியோரம் விட்டார். களத்துமேட்டுக்கு நடந்துபோய், இளவரசுவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு மண்ணில் உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து, உட்கார்ந்தபடியே வெயில் வரும் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தார். அவருடைய நிழல் அந்த மனிதரின் முகத்தில் விழுந்தது.